கரடியார் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: முதன்மைச் செயல் அலுவலர் அவர்கள், செல்போனில் உலக மொழிகள் கற்பிக்கும் நிறுவனம், கடல் கடந்த ஊர்.

பொருள்: ஜப்பானுக்குப் போகிறவன் இங்கிலாந்தில் இறங்கி ஏற வேண்டுமா? விளக்கம் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப்பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலதிகாரி ஜப்பான்காரர். டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்-4 நிலை எழுதலாம் என்று உங்கள் செயலியில் சேர்ந்தேன். ஆண்டுச் சந்தாவும் கட்டியாயிற்று. ஆகவே குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

முதலில் பாராட்டு. தங்கள் சின்னமான கரடிக்குட்டிக்குள்ள கடமையுணர்ச்சி எங்கள் சூப்பர்வைசருக்கே கிடையாது. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் கண்ணயர்ந்தால், ‘நாள் தவறாமல் படித்த ஸ்ட்ரீக் அறுந்துவிடும்’ என்று கண்ணீர் வடிக்கிறது. சிவபூஜையில் கரடி என்று சொல்லிவைத்த பெரியவர்கள், அது மாதச் சம்பளக்காரன் பாக்கெட்டுக்குள்ளேயே குடிவரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். செயலியின் புள்ளிப் போட்டியான லீக்கில் யாரோ ஒரு பிரேசில்காரர் என்னை முந்திவிட்டார் என்று அது மூட்டிவிட, புதுப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ‘பூனை பால் குடிக்கிறது’ பாடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிப் புள்ளி சேர்த்தேன். பூனைக்கு வயிறு வெடிக்காதது ஆச்சரியம். பிரேசில்காரரும் அதே பூனைக்குத்தான் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘நான் மதுரையிலிருந்து வந்தேன்’ என்பதை ஜப்பானியர் ‘வதாஷி வா மதுரை கரா கிமாஷிதா’ என்கிறார். நான், மதுரை, இலிருந்து, வந்தேன். வரிசை அப்படியே இருக்கிறது. ‘வந்தீர்களா?’ என்று நாம் கடைசியில் ‘ஆ’ போடுகிற இடத்தில் அவர் ‘கா’ போடுகிறார். ‘என்று சொன்னார்’ என்று நாம் முடிக்கிற இடத்தில் அவர் ‘தோ ஈமாஷிதா’ என்று முடிக்கிறார். ஆனால் தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழ்வழி நீங்கள் கற்றுத்தருவது ஆங்கிலம் மட்டும்தான். ஜப்பானிய மொழி வேண்டுமென்றால் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க வேண்டும்; முதலில் மதுரையை ஆங்கில வாக்கியத்தின் வாலில் கட்ட வேண்டும். பிறகு அதே மதுரையை அவிழ்த்து நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வித்தைக்குத்தான் சந்தா. இதற்கு நடுவே கரடி ஆறுதல் வேறு சொல்கிறது: “வினைச்சொல் கடைசியில் வரும். விசித்திரமாக இருக்கும், பயப்படாதீர்கள்!” யாருக்குப் பயம்? எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைகூட வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறது.

‘கொரே, சொரே, அரே’ பாடத்தில் இன்னும் கூத்து. என் பக்கத்தில் உள்ளது, உன் பக்கத்தில் உள்ளது, இருவருக்கும் தள்ளி உள்ளது என்பதை ஆங்கிலத்தில் விளக்க அம்புக்குறி, வட்டம், மூன்று வண்ணம் என்று படம் வரைந்து திணறியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் இது, உது, அது என்று ஒரே மூச்சில் முடித்திருப்பார். “மோனை, உதை எடுத்துத் தா” என்றால் பேரன் தன் பக்கத்தில் கிடப்பதைத்தான் எடுத்துத் தருவான். அம்புக்குறி கேட்க மாட்டான்.

தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருக்கிறது என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) வாதாடியதை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை; உறவு இல்லாமலும் ஒத்துப்போகலாம். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களான சண்முகதாஸ் தம்பதியரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இரு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உங்கள் கரடி ஒரு மதியம் உட்கார்ந்திருந்தால் போதும்.

மரியாதை விஷயத்தில் நீங்கள் செய்வது ஆபத்து. ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வுக்கு நேராக ‘அனாதா’வை வைத்துவிட்டீர்கள். மேலதிகாரியை அப்படி அழைப்பது அங்கே மரியாதைக் குறைவு. பெயரோடு ‘சான்’ சேர்த்தோ பதவியைச் சொல்லியோ பேசுவார்கள். ‘சார் சாப்பிட்டாச்சா?’ என்று, நீயும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்று நழுவிப் பழகிய இனம் நாங்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கஞ்சி என்னும் சீன எழுத்துகளுக்குத் தமிழ் உதவாது, ஒப்புக்கொள்கிறேன். பொதுப் பயன்பாட்டுக்கான 2010 அரசுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அதை உருப்போடத்தான் வேண்டும்.

பேச்சுப் பயிற்சியோ தாராள மனசு. வாயைத் திறக்கும் முன் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, ‘அருமையான உச்சரிப்பு!’ என்று கரடி கைதட்டியது. 1984-இல் தொடங்கிய ஜே.எல்.பி.டி.யிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. கேட்டு, படித்து, விடையைத் தேர்ந்தால் போதும். நீங்களும் பேச வைப்பதில்லை, அவர்களும் பேசச் சொல்வதில்லை. எங்கள் மேலதிகாரிதான் விவஸ்தையில்லாமல் தினமும் காலையில் வந்து பேசுகிறார்.

ஆகவே தமிழ்வழி ஜப்பானியப் பாடம் ஒன்று தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் சந்தாவை ரத்து செய்யும் பட்டனை எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்றாவது தெரிவிக்கவும். கரடியைக் கேட்டால் பாதி விலையில் குடும்பச் சந்தா சேரச் சொல்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரன்,
ஒரகடம்.