பீச் ரிசார்ட், கொடைக்கானல்

கொடைக்கானலில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு, கூகுள் மேப்பில் போன் நம்பரைப் போட்டுப் பாருங்கள். விருந்தாளிக்கு முன்னால் வியாபாரி வந்துவிடுவார். "டியர் ஓனர், உங்கள் பீச் ரிசார்ட்டைப் பார்த்து அசந்துபோனோம்!" ஏழாயிரம் அடி உயரத்தில் அலை எங்கே அடிக்கிறதோ, அவருக்கே வெளிச்சம். கூகுளில் முதல் பக்கம், வருடம் முழுக்க புக்கிங். அட்வான்ஸ் மட்டும் இன்றே. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஏசி சர்வீஸுக்குத் தள்ளுபடி வேறு.

2024 மே முதல் மலையேற இ-பாஸ் வேண்டும். இந்த மெசேஜ்களுக்கு மட்டும் பாஸ் இல்லை. விளம்பர அழைப்பு வேண்டாமென்று 1909 என்ற எண்ணில் பதிந்தால், 140 என்று தொடங்கும் விளம்பர நம்பர்கள் ஓரளவு அடங்கும். சொந்த நம்பரில் வருகிறவர்தான் சாமர்த்தியசாலி. வாடகை, பார்க்கிங், வெந்நீர் எல்லாம் அக்கறையாக விசாரிப்பார். குழந்தைக்குத் தனிக் கட்டில் உண்டு என்பதுவரை நாம் சொல்லி முடித்ததும், "சார், நாங்க மெத்தை கம்பெனி."