வாய் திறக்காத சொற்பொழிவு

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளை உருப்படியாகக் கழிக்க ஒரு வழி சொல்லுங்களேன்?

பதில்: ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதப் பேராசிரியர் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இருபத்தோரு இலக்கம். இது பகா எண் என்று 1644-ல் எழுதிவைத்தார் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. இல்லை, பகு எண்தான் என்று 1876-ல் லூக்கா என்ற கணித மேதை நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்பது அவருக்கே தெரியாது! வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம், ஆள் யாரென்றுதான் தெரியவில்லை என்கிற கதை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் எழுந்துபோய்க் கரும்பலகையில் மேற்படி எண்ணைப் போட்டார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் கையாலேயே பெருக்கினார். விடை அச்சாக அதே எண். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாராம், அரங்கம் கைதட்டியதாம். (நம் ஊர் மேடைகளில் இப்படி ஒருவர் பேசாமல் இறங்கினாலே கைதட்டல் நிச்சயம்.)

எவ்வளவு நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இன்று கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். ஆகவே உங்களுக்கு வேறு எண்தான் பார்க்க வேண்டும்.