ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த ஊர்

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கில் வசம்பைத் தேயுங்கள். இரண்டரை வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைக் காட்டப் போய், நாலு பக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு ஒரு குடும்பம் திரும்பி வரட்டும். விளக்கு வைப்பதற்குள் தெருவே அதற்கு உரை எழுதி முடித்துவிடும். மூலம் யாருக்கும் புரியாதது உரையாசிரியர்களுக்கு எவ்வளவு வசதி!

முதல் மரியாதை ரிப்போர்ட்டை எழுதியவருக்கு. பையன் பேச வேண்டியது தமிழ். பெற்றவர்கள் பேசுவது தமிழ். சோதனையில் கேட்ட கேள்விகளும் தமிழ். முடிவை மட்டும் கறைபடாத ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறாரே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? ராஜராஜனுக்கு இந்த நாகரிகம் போதாது. 1010-இல் முடித்த பெரிய கோயிலின் சுவரில், தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் ஆடல் மகளிர் 400 பேருக்கும் எந்தத் தெருவில் எந்த வீடு, ஆளுக்கு எத்தனை கலம் நெல் என்பதைத் தமிழில் வெட்டிவைத்து, ஆயிரம் வருஷம் கழித்தும் ஆட்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி ஆக்கிவிட்டான். நம் ரிப்போர்ட் அப்படி ரகசியத்தை வெளியே விடாது. எழுதியவரும் பாவம், என்ன செய்வார்? வராந்தாவில் வரிசை நிற்கிறது. விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம் ஆகும். கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும்.

அடுத்தது அப்பா. பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ் என்ற அசைக்க முடியாத கணித அறிவோடு அவர் காகிதத்தைப் பிரிக்கிறார். ஒரு கட்டத்தில் 85 இருக்கிறது. முகம் மலர்கிறது. பக்கத்துக் கட்டத்தில் பெர்சன்டைல் 16. முகம் சுருங்குகிறது. ஒரே பிள்ளை, ஒரே சோதனை; ஒரு கட்டத்தில் டிஸ்டிங்ஷன், அடுத்த கட்டத்தில் பெயில். இவ்வகைச் சோதனைகளில் 100 என்பது முழு மதிப்பெண் அல்ல, அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி. 85 என்றால் நூறு பேரில் சுமார் 16 பேர் இவனுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு கட்டமும் சொல்வது ஒன்றேதான். 70 என்றிருந்தால் கீழே இருப்பவர்கள் இரண்டே பேர். நம் அப்பா அதை முதல் வகுப்பு என்று எண்ணி அல்வா வாங்கியிருப்பார். இப்படிப்பட்ட தெளிவைக் குலைக்கக் கூடாது என்றுதான் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ரீல்ஸ் என்று ஒரு அளவுகோல் உண்டு. செல்போனில் ஓடுவது அல்ல. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பேச்சை அளக்க 1971-இல் அமெரிக்காவில் வந்தது, நம் ஊரில் இன்னும் புழங்குகிறது. அது மார்க் போடாது, மாதக் கணக்கு சொல்லும். ரிசெப்டிவ், அதாவது புரிதல், 24–27 மாதம்; எக்ஸ்பிரசிவ், அதாவது பேச்சு, 14–16 மாதம் என்று போட்டிருக்கும். பாட்டிக்கு இரண்டாவது எண் மட்டும் காதில் விழுகிறது. “ரெண்டரை வயசுப் புள்ளைய ஒண்ணேகால் வயசுன்னு எழுதிட்டானுவளே!” என்று மூக்கைச் சிந்துகிறாள். முதல் எண்ணை எல்லாரும் சேர்ந்து கௌரவமாக ஒதுக்கிவிடுகிறார்கள். சொல்வதைப் பையன் ஏறக்குறைய வயதுக்குத் தக்கபடி புரிந்துகொள்கிறான், சொல்லத்தான் பின்தங்கியிருக்கிறான் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. புரிதலும் பேச்சும் சேர்ந்தே பின்தங்கியிருந்தால் கவலை வேறு, தேட வேண்டியதும் வேறு. நாலு பக்கத்தில் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான். நல்லவேளை, நல்ல செய்தி எதையும் பார்க்காத கட்டுப்பாடு நம்மிடம் உண்டு.

காதைச் சோதியுங்கள் என்று ஒரு வரியும் இருக்கும். அதைத் தாண்டிச் செல்லும் லாகவத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. “கதவு டமார்னு அடிச்சா திரும்புறான், காது கேக்காம என்ன?” என்பார் சித்தப்பா. அவர் கதவாலேயே ஆடியாலஜி படித்தவர். கதவோசைக்குத் திரும்பும் பிள்ளைக்கு ச, த போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம், சளி பிடித்த காதில் நீர் கோத்துப் பாதி கேட்கலாம் என்பதெல்லாம் கதவு சொல்லாத சங்கதிகள். பிள்ளை தூங்கும்போதே பெரா என்னும் காது டெஸ்டை எடுத்துவிடலாம். காது அறவே கேட்காது என்று தெரிந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் ஆறு வயதுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள்தான் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தை மகளைக் கட்டிய வீட்டில் பிறவிச் செவிட்டுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். ஆகவே இந்த ஒரு வரியைப் படிக்காமல் விடுவதற்குச் சொந்த பந்தத்தின் ஒத்துழைப்பு முழுமையாகக் கிடைக்கும்.

பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சும்மா சொல்லக் கூடாது. “குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல, அப்புறம் கலிவெண்பாவே பாடலையா?” என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சில், “நம்ம சீர்காழிப் புள்ள சம்பந்தர் மூணு வயசுல தேவாரம் பாடிடிச்சு” என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தப் பிள்ளையை நிறுத்தினாலும் பொருந்தும். எந்த மருத்துவமனையிலும் இவ்வளவு தாராளமான அளவுகோல் கிடையாது. “எல்லாம் சம்பாப் பயிர் மாதிரி, மெதுவாத்தான் வரும்” என்று தீர்ப்பும் வரும். சொன்னவரின் சம்பா வயலில் முப்பதாம் நாள் பயிர் மஞ்சளித்தால், அன்று மாலையே உரக்கடையில் நிற்பார். பயிருக்குக் காத்திருக்கக் கூடாது என்று தெரிந்த ஞானி, பேரனுக்கு மட்டும் காத்திருக்கும் பக்குவம் பெற்றிருக்கிறார்.

சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா. சம்பந்தருக்கு இறைவன் கொடுத்த பொற்றாளத்துக்கு ஓசை தந்தவள் அங்கே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளை அழைத்துப் போய் வேண்டிக்கொண்டு, தேன் அபிஷேகம் செய்து நாக்கில் தடவிக்கொண்டு வருவார்கள். போகட்டும், யார் வேண்டாம் என்றது? அம்மன் தாளத்துக்கு ஓசையைத்தான் தந்தாள். தாளத்தைத் தட்டியது சம்பந்தரின் கை. நம்மவர்கள் அந்தச் சின்ன வேலையையும் அவளிடமே விட்டுவிடும் அளவுக்குப் பக்திமான்கள். தேனுக்கு அறுபது மைல் போனவர்கள், ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டுப் பயிற்சி என்று இருப்பதற்குத் திண்ணை வரை வருவதில்லை. குளிப்பாட்டும்போது சொம்பு, தண்ணி என்று பெயர் சொல்லு, பிள்ளை பதில் சொல்லக் கொஞ்சம் பொறு, கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுக்காதே, செல்போனை அணை. காசு ஆகாத வைத்தியம் என்பதால் மதிப்பில்லை.

செல்போனின் சேவையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பையன் இங்கிலீஷ் ரைம்ஸ் பத்தும் சொல்கிறான், தண்ணி வேணும் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். இதைக் கேட்ட நர்சரிப் பள்ளி, “வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, குழம்பாம இருக்கும்” என்று இலவச ஆலோசனை தந்தது. தாய்க்கு வராத மொழியில் தாய் பேசினால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்ற கண்டுபிடிப்புக்கு இன்னும் பரிசு கொடுக்கவில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதிக்காது என்று ஆராய்ந்தவர்கள் சொல்வதை, ஃபீஸ் கட்டிய பிறகு யார் கேட்பது?

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள். பேச்சு, மொழிக் குறைபாடு என்று ஒரு வகையும் இருக்கிறது. குரல்வளையை அகற்றியவர், மூளை பாதித்துப் பேச்சிழந்தவர் போன்றோரின் நிரந்தர ஊனம் அது. பேச்சு தாமதமான பிள்ளைக்கு அதில் இடமில்லை என்று தெரியாமலே ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர்! அதே நேரம், 2013 முதல் அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு மருத்துவக் குழு வரும் நாளில் பையன் கல்யாண வீட்டில் இருப்பான். அங்கிருந்து அனுப்பும் மாவட்ட மையத்தில் தெரபி இலவசம், அதனால்தான் சந்தேகம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் குடும்பமே துடித்துப் போகும்: ழ வரவில்லை. தமிழில் கடைசியாக வந்து சேரும் எழுத்துகளில் ஒன்று அது. அதைப் பற்றிக் கவலைப்படும் மாமாவே “வாளப்பளம்” என்றுதான் கேட்டு வாங்குகிறார். காத்திருக்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய ஒரே குறைக்கு நாம் காத்திருப்பதில்லை.

ஆகையால் வாசகர்களே, உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் ஊர் வழக்கத்தை மீறாதீர்கள். எழுதியவர் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “காது சரியா இருக்கா, புரிதல் எவ்வளவு, பேச்சு எவ்வளவு, வீட்ல நாங்க என்ன செய்யணும், திரும்ப எப்ப வரணும், தமிழ்ல சொல்லுங்க” என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.