சைரன் வைத்த வீட்டுக்காரர்

பாலாற்றங்கரையில், வேலூரிலிருந்து ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரைக்கும், புதிதாக எழும்பும் மாடி வீடுகள் சிலவற்றின் முகப்பில் திருஷ்டி பொம்மைக்குப் பக்கத்திலேயே ஒரு சைரன் பெட்டியும் தொங்கும். அந்த வீட்டுக்காரரைத் தெருவே அறியும். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். இல்லையென்றால் மகன் வளைகுடாவில் இருப்பான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்குப் பூஜை அறையைக் காட்டுவதற்கு முன்பே அலாரம் பேனலைக் காட்டியவர் அவர். எந்த ஜன்னலில் காந்தம் இருக்கிறது, எந்த மூலையில் சென்சார் இருக்கிறது, கதவைத் திறந்தபின் நம்பர் அழுத்த எத்தனை நொடி அவகாசம் என்பதெல்லாம் பால்காரர் முதல் பெயின்டர் வரை அத்தனை பேருக்கும் அத்துப்படி. ரகசிய எண்ணை மட்டும் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை; வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர்தான் அது.

இவரை ஏமாளி என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இவருக்கு இருப்பது அறிவுக் குறைவு இல்லை, கூச்சம். இவர் வீட்டு அலாரத்தின் வாயை அடைப்பது திருடனல்ல, அந்தக் கூச்சம்தான். சென்சார் அறையைப் படம் பிடிப்பதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் இடம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதன் லென்ஸ் மேலேயே ஒரு பல்லி ஊர்ந்தால், அதன் கணக்கில் ஒரு ஆசாமியே குறுக்கே போன மாதிரிதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் அலறும். முதல் தடவை தெருவே கூடியதில் நம்மவருக்குப் பெருமை பிடிபடாது. சாமான் வேலை செய்கிறதே! இரண்டாம் தடவை, லுங்கியை மடித்துக் கட்டியபடி எதிர்வீட்டுக்காரர், "அப்படி என்னதான் சார் உள்ளே வெச்சிருக்கீங்க?" என்பார். மூன்றாம் தடவை யாரும் எழுந்து வரமாட்டார்கள். மறுநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறிச் சைரன் ஒயரைக் கழற்றிவிடுவார். பேனலில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். மானம் காக்க அது போதும்.

சாமான் மட்டம், அதனால்தான் இந்தக் கூத்து என்று ஒரு கட்சி உண்டு. பாதி உண்மை. 1853இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கிய மின்சார அலாரத்துக்கும் இன்றைய கதவுக் காந்தத்துக்கும் அடிப்படை ஒன்றே: கதவு திறந்தால் மின்சுற்று மாறும், மணி அடிக்கும். அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. கெடுப்பது நம் ஊர். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் பூட்டிய அறையின் சுவரும் ஆளின் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். சென்சாருக்கு ஆள் யார், சுவர் எது என்று பிரித்தறிவதே கஷ்டம். பேனலுக்குள் இருக்கும் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் நீக்கப் போடும் சோடியம் சல்பைடு கலந்த கழிவிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்புமே, அது வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைப்பது. கொலுசைக் கறுக்க வைப்பது, வாய்க்கால் ஓரத்து வீட்டின் ஒயர் முனையை மட்டும் விட்டுவைக்குமா? இத்தனைக்கும் மருந்து சுலபம்: லென்ஸைத் துடைப்பது, முனைகளைச் சுரண்டுவது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவது. பேனலுக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். திருடன் நுழைந்தால் மகனுக்கு போன் போட வேண்டிய சிம் அது. பல வீடுகளில் அதற்கு வேலிடிட்டி முடிந்திருக்கும்.

கேமரா இருக்கிறதே, அலாரம் எதற்கு என்பது அடுத்த வாதம். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து ஒருவர் உள்ளே போனார். சிங்க முகமூடி போட்டிருந்தார். கேமராக்கள் மேல் பெயின்ட் அடித்தார். சுமார் 16 கிலோ தங்கத்தோடு வெளியேறினார். சில நாட்களில் போலீஸ் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகைகளைத் தோண்டி எடுத்தது. கேமரா நடந்து முடிந்ததைச் சொல்லும் சாட்சி; நடக்கும்போதே கத்த வேண்டியது அலாரம். சுவரில் டிரில் பட்டால் அதிர்வை உணரும் சென்சாரும் கடையில் கிடைக்கிறது. ஆனால் நம்மவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வாசலுக்கு இன்னொரு கேமராதான் வாங்குவார். பின்சுவரில் எதை மாட்டினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

பெட்டியைப் பார்த்தாலே திருடன் ஓடிவிடமாட்டானா என்றும் கேட்கலாம். அசலூர்த் திருடனாக இருந்தால் ஓடலாம். உள்ளூர்க்காரனுக்கு ஒயர் கழன்று கிடப்பது தெரியும். பெயின்டருக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாதா?

மாதம் ஒருமுறை அடித்துப் பாருங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுத்தான் போனார். அடித்தால் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வருவார். அதனால் நம்மவர் தீபாவளி வரை பொறுத்திருந்து, தெருவில் பத்தாயிரம் வாலா வெடிக்கும் நேரமாகப் பார்த்து, ஒயரை மாட்டிப் பட்டனை அழுத்துவார். சைரன் அடித்ததா இல்லையா என்பது அவருக்கே கேட்காது.