ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்கு

வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயரும் சொந்தக் கவிதைத் தொகுப்பும் ஒன்று: பாராட்டுவார்கள், வாங்க மாட்டார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் அலைந்து 2என்3055 டிரான்சிஸ்டர் வாங்கி, 'ஹம்' சத்தத்தை ஒழிக்கவே இரண்டு மாதம் எர்த் வயரோடு மல்லுக்கட்டிச் செய்தது இது.

"எத்தனை வாட், தம்பி?" என்றார் வந்தவர்.

"சேனலுக்கு 30, அண்ணே."

அவர் வீட்டு பிளாஸ்டிக் டப்பாவில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சடித்திருக்கிறதாம். (5 ஆம்ப் பிளக்கில், 230 வோல்ட்டில், மொத்தமே 1150 வாட்தான். வாதாடவில்லை.)

"புளூடூத்?" இல்லை.

"கம்பெனி?" நான்தான்.

கிளம்பிவிட்டார்.

கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர்தான் மரியாதையாகத் தூக்கிப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரில் செம்பா, அலுமினியமா என்று மட்டும் கேட்டார். செம்புதான். கிலோவுக்கு விலை சொன்னார். ஹீட் சிங்குக்குத் தனி விலை.