டயருக்குப் பொன்னுக்கு வீங்கி

குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் புதிது வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் எடுத்துப் போடுகிறவன். இப்படி ஒரே கேஸ்கட்டை மூன்று தீபாவளி ஓட்டியிருக்கிறேன். அதனால் ரப்பர் விஷயத்தில் எனக்கு ஓரளவு தேர்ச்சி உண்டு என்று போன ஐப்பசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடவாக்கம் என்று பெயரிலேயே மேட்டை வைத்திருக்கிற ஊரில், மழைத்தண்ணீர் நிரம்பிய ஒரு பள்ளத்தில் என் காரின் இடது முன்சக்கரம் இறங்கியது. ‘டம்’மென்று சத்தம். மனைவியின் மடியிலிருந்த பூப்பொட்டலம் எகிறி டேஷ்போர்டில் விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை. “ஒண்ணுமில்ல, நல்ல டயர்” என்று அதற்கு ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை பேப்பர் எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. டயரின் பக்கவாட்டில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து ஒட்டினாற்போல் ஒரு வீக்கம்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை, பொன்னுக்கு வீங்கி மாதிரி இருக்கே!” என்றார். சின்ன வயதில் எனக்கு அது வந்தபோது அம்மா தன் இரண்டு பவுன் சங்கிலியை என் கழுத்தில் போட்டுவிட்டாள். வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். வீக்கம் வற்றியதும் சங்கிலியைக் கழற்றிக்கொண்டாள். டயருக்குப் போடுகிற பொன் திரும்பி வராது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் கேரளத்துக்காரர். எல்லோருக்கும் சேட்டன். வீக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “மாத்தணும் சாரே” என்றார்.

“அந்தக் கயிறு மாதிரி ஒண்ணைச் சொருகுவீங்களே, அதைச் சொருகினா நிக்காதா?”

சேட்டன் பொறுமைசாலி. தரையில் படுகிற பகுதிக்கு அடியில் கம்பிப் பட்டை இருக்கிறதாம். அங்கே ஆணி ஏறி, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளேயிருந்து காளான் வடிவப் பேட்ச் போட்டு அடைக்கலாம். பக்கவாட்டில் கம்பிப் பட்டை கிடையாது. ரப்பருக்குள் நூல்தான் ஓடுகிறது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி அந்த நூல் அறுந்துவிட்டது. தடுக்க நூல் இல்லாத இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளுகிறது. “வெளியே தெரியுறது வீக்கம். உள்ளே எலும்பு முறிஞ்சிருக்கு சாரே.”

வீட்டுக்கு வந்து, டயரில் எழுதியிருந்ததை முதன்முறையாகப் படித்தேன். இத்தனை நாளும் அதன்மேல் காலை வைத்து ஷூ லேஸ் கட்டியதோடு சரி. 185/65 ஆர்15. 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டின் உயரம், ரேடியல் ரகம், 15 அங்குல ரிம். கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் இந்தச் சக்கரம் 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த எலுமிச்சம்பழம் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. இதற்குப் பிறகு அறிவுள்ளவன் நேராக டயர் கடைக்குப் போவான். நான் ஆலோசனை கேட்கப் போனேன்.

மைத்துனன், “மெதுவா ஓட்டுங்க அத்தான், ஒண்ணும் ஆகாது” என்றான். அவனிடம் கார் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பின்சக்கரத்துக்கு மாற்றிவிடச் சொன்னார். வெடித்தால் பின்சீட்டில் இருக்கிற மாமியாருக்குத்தான் முதலில் தெரியும் என்பதாலோ என்னவோ, வீட்டில் அது எடுபடவில்லை. அடுக்ககக் காவலாளி, அந்தக் காலத்தில் லாரி டயரையே வெட்டி ஒட்டுவார்கள் என்று கண்கள் பனிக்கச் சொன்னார். எனக்கும் பனித்தது.

மைத்துனன் சொன்னதுதான் செலவில்லாதது. இரண்டு வாரம் நாற்பதைத் தாண்டாமல், சாலையின் இடது ஓரமாகவே ஊர்ந்தேன். ஷேர் ஆட்டோ முந்தியது, தண்ணீர் லாரி முந்தியது. ஒருநாள் பந்தல் சாமான் ஏற்றிய மீன்பாடி வண்டியே முந்தியது. அதை ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், வண்டி பழகுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி அந்தக் காரில் ஏறவே இல்லை. இரண்டு வாரத்துக்கு அவளுடைய ஆட்டோச் செலவு 2,140 ரூபாய்.

அப்போதுதான் மூளையில் மின்னல் வெட்டியது. ஸ்டெப்னி!

1904இல் வேல்ஸ் தேசத்து லனெல்லி ஊரில், டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்த ஊரின் ஸ்டெப்னி தெருதான் அதற்குப் பெயர் கொடுத்தது. அங்கே மறந்துபோன அந்தச் சொல்லை நம் ஊர் லாரி கிளீனர்கள் இன்னும் காப்பாற்றி வருகிறார்கள். நானும் என் பங்குக்கு ஒரு ஸ்டெப்னியைக் காப்பாற்றி வந்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து அது தரையில் பட்டதே இல்லை. மற்ற நான்கையும் மூன்று வருடத்துக்கு முன் மாற்றினேன் (மொட்டை டயரில் வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்). அன்றும் ஸ்டெப்னியில் கைவைக்க நான் விடவில்லை. பழைய குடைகளையும் அரிசிச் சாக்கையும் ஒதுக்கி அதை வெளியே எடுத்தபோது, பட்டன் தேயாமல், முளைவிட்ட ரோமத்தோடு, பெட்டியில் வைத்த பட்டுச்சேலைபோல் இருந்தது.

வெற்றிக்களையோடு கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். சேட்டன் பட்டனைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார்: 2215.

“விலையா?”

“பிறந்த தேதி. 2015, இருபத்திரண்டாவது வாரம்.”

ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லையாம். சும்மா கிடந்தாலும் இறுகி வெடிப்பு விடுமாம். பத்து வயதான டயரைப் புதிதுபோல் இருந்தாலும் ஓட்டக் கூடாதாம். டார்ச் அடித்துக் காட்டினார். பட்டனுக்கு இடையே மெல்லிசாக வெடிப்புகள், கோடைக்கால ஏரிபோல். ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“அப்ப ஒண்ணு புதுசு போட்டுடலாம்” என்றேன். உடன் வந்திருந்த மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“ஒரே வரிசையில ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும் சாரே. ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குப் பழசு போட்டு நடப்பீங்களா?”

“நடப்பார்” என்றாள் மனைவி.

இரண்டு வாங்கினேன். ஒன்று 5,400. அலைன்மென்ட், பேலன்சிங் 900. படிக்கும் கண்ணாடியைப் போட்டு, தயாரிப்பு வாரத்தை நானே பார்த்து எடுத்தேன். இந்த விவகாரத்தில் என் அறிவு பயன்பட்டது அந்த ஓர் இடத்தில்தான். வலதுபக்கத்து மூன்று வயது டயர் ஸ்டெப்னியாகப் பதவி உயர்வு பெற்றது.

வீங்கியதையும் வெடித்ததையும் கடையிலேயே விட்டுப்போகச் சொன்னார் சேட்டன். காசு கொடுத்து வாங்கியதை விட மனசு வருமா? இரண்டையும் மொட்டைமாடியில் ஏற்றினேன். அடுத்த வாரம் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து, அவற்றில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். டெங்கு கொசு வளர்வதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது என்று என் மனைவியைச் சாட்சியாக வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, ஊஞ்சல் கட்டவோ கீரை போடவோ டயர் தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துப்போகலாம். காசு வேண்டாம். வண்டியில் மட்டும் மாட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவது நல்லது. அப்போது என் மனைவி வீட்டில் இருப்பாள்; கீழே இறக்க அவளே ஒரு கை பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.