அறுபது விநாடிக் கச்சேரி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், அதாவது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பயிலும் பள்ளிகளில், கூடைப்பந்தாட்டம் நடைபெறும் குளிர்கால இரவுகளில் அரங்கின் ஒரு மூலையில் அமர்ந்து, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் முழங்கி, ஆட்டம் தொடங்கியவுடன் ஓய்ந்துவிடும் சிறு வாத்தியக் குழுவுக்குப் பெப் பேண்ட் என்று பெயர். இலையுதிர்காலத்தில் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் இறகு செருகிய தொப்பியுடன் அணிவகுத்து நடக்கும் மார்ச்சிங் பேண்டைச் சேர்ந்த மாணவர்களே பெரும்பாலும் இதிலும் இருப்பர் எனினும், இங்கே நடக்க வேண்டியதில்லை, தொப்பியும் வேண்டியதில்லை, பள்ளியின் பெயர் அச்சிட்ட பனியன் போதும். பிற இசை மரபுகளில் ஒரு பாடலைத் தொடங்கியவரே அதை முடிக்கவும் செய்கிறார். பெப் பேண்டிலோ தொடங்குவது மட்டுமே கலைஞரின் உரிமை, முடிப்பது நடுவரின் உரிமை. இம்மரபின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கிறது.

பள்ளிக் கூடைப்பந்தாட்டம் பொதுவாக 8 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுவது. பயிற்சியாளர் தம் அணியினரை அழைத்துப் பேசவோ கடிந்துகொள்ளவோ விரும்பினால் ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கலாம். டைம் அவுட் எனப்படும் இந்நிறுத்தம் 60 விநாடியோ 30 விநாடியோ நீடிக்கும், அது முடிய 15 விநாடி இருக்கும்போதே எச்சரிக்கை ஒலி எழும், பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை வாத்தியங்கள் வாய் திறக்கக் கூடாது. ஆகவே பெரிய டைம் அவுட் ஒன்றில் கிடைக்கும் கச்சேரி நேரம் ஏறத்தாழ 45 விநாடி. இதற்குள் பேண்ட் ஆசிரியர் நிறுத்தத்தைக் கவனித்து, பாடலைத் தேர்ந்து, அதன் எண்ணை விரல்களால் உயர்த்திக் காட்ட வேண்டும். மாணவர்கள் வாத்தியத்தில் மாட்டியிருக்கும் சிறிய இசைத்தாள் ஏட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, கையிலிருக்கும் சோளப்பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தாளவாத்தியக்காரர் தட்டும் நான்கு தட்டுகளுக்குப் பின் ஒருசேரத் தொடங்க வேண்டும். விரல்களைத் தவறாக எண்ணிய ஒருவர் ஏழாம் பாடலையும் ஏனையோர் ஆறாம் பாடலையும் வாசிப்பது உண்டு. இரண்டும் சம அளவு உரத்து ஒலிப்பதால் பார்வையாளர்கள் அதை ஒரு புதிய இசையமைப்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். ஆசிரியர் கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினால் எந்தச் சுரத்தில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். திருமண மண்டபத்தில் யாரோ ஒருவர் கையசைத்தவுடன் ராகத்தை நடுவில் அறுத்துக் கெட்டிமேளத்திற்குத் தாவும் நாதஸ்வரக் குழுவினர் மட்டுமே இந்த வித்தையின் அருமையை உணரக்கூடியவர்கள். அவர்களுக்கும்கூட அது திருமணத்துக்கு ஒரு முறைதான் நேர்கிறது. 30 விநாடி டைம் அவுட்டைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அது வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுசென்று திரும்ப எடுக்கும் ஓர் உடற்பயிற்சி.

அரங்கின் அமைப்பும் கருதத்தக்கது. மேப்பிள் மரத்தளமும் கான்கிரீட் கட்டிச் சுவர்களும் எழுப்பப்பட்ட ஒலியை விழுங்குவதில்லை, திருப்பியனுப்புகின்றன. எனவே ஆசிரியர் நிறுத்தச் சொன்ன பின்னும் பாடல் சற்று நேரம் தானாகவே தொடர்கிறது. இத்தகைய அறையில் ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் ஆட்சி செலுத்துகையில், புல்லாங்குழலும் கிளாரினெட்டும் வாசிக்கப்படுவதைக் காண முடியுமே தவிரக் கேட்க முடியாது. புல்லாங்குழல் மாணவியர் பருவம் முழுவதும் நேர்மையாக வாசித்தனரா, விரல்களை மட்டும் அசைத்தனரா என்பதற்கு அவர்களின் மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சூசஃபோன் வாசிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அணிவகுப்பு இசைக்குப் பெயர்பெற்ற ஜான் ஃபிலிப் சூசாவின் பெயரால் 1890களில் உருவான இப்பெருவாத்தியம் வாசிப்பவரின் உடலைச் சுற்றி வளைந்து, தலைக்கு மேல் அகன்ற வாயுடன் நிற்பது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தோழர்கள் அந்த வாயை இசைக்கருவியாக அன்றி, சோளப்பொரிக்கான இலக்காகவே கருதுகின்றனர். கூடைப்பந்தாட்டத்தில் பங்கேற்கும் வாய்ப்பு அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கும் இவ்வாறு வழங்கப்படுகிறது.

பாடல் தேர்விலும் முடிவின்மையே அளவுகோல். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி' இக்குழுக்களிடையே பெற்றிருக்கும் செல்வாக்குக்குக் காரணம், அதன் அடிப்படைத் தொடர் ஏழே ஒலிகளில் அடங்கிவிடுவதால் எந்த நொடியில் வெட்டினாலும் எதுவும் இழக்கப்படுவதில்லை என்பதாகவே இருக்க வேண்டும். 'லூயி லூயி'யின் வரலாறு இதனினும் சுவையானது. ரிச்சர்ட் பெர்ரி 1955இல் எழுதிய இப்பாடலைக் கிங்ஸ்மென் குழுவினர் 1963இல் பதிவுசெய்தபோது, பாடகரின் சொற்கள் எவருக்கும் புரியாமற்போகவே, புரியாதவை ஆபாசமானவையாகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் முடிவுகட்டினர், எஃப்.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வு நிறுவனமும் விசாரணையில் இறங்கி, இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழற்றிக் கேட்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. அதன் பின்னும் 2005இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் பேண்ட் ஊர்வலத்தில் இதை வாசிக்கக் கூடாதென்று கல்வி நிர்வாகம் தடைவிதித்துப் பின்னர் விலக்கிக்கொண்டது. பாடலின் சொற்கள் தகாதவை என்பது தடைக்குக் கூறப்பட்ட காரணம். குழுவினரோ ஒரு சொல்லையும் பாடுவதாக இருக்கவில்லை. பள்ளி மாணவர் வாத்தியத்தின் உச்சரிப்புத் தெளிவுக்கு நிர்வாகத் தரப்பிலிருந்து இதனினும் உயர்ந்த பாராட்டு கிடைத்திருக்க முடியாது.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஃபைட் சாங் எனப்படும் ஊக்கப்பாடல் ஒன்று உண்டு. அப்பள்ளியின் தனித்தன்மையை உலகுக்குப் பறைசாற்றும் அது, பெரும்பாலும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் பெற்ற மெட்டில் அமைந்திருக்கும். வில்லியம் பர்டி 1909இல் அமைத்த 'ஆன், விஸ்கான்சின்' அவ்வாறு நாடெங்கும் எண்ணற்ற பள்ளிகளின் தனித்தன்மையாக விளங்குகிறது. அம்மெட்டே முதலில் மினசோட்டாவுக்கென எண்ணி உருவாக்கப்பட்டு விஸ்கான்சினுக்கு மடைமாற்றப்பட்டது என்பதால் இரவல் வாங்கியோரைக் குறைகூற வழியில்லை. ஒரே மெட்டை உடைய இரு பள்ளிகள் மோதும் இரவில், வென்றவர் யார் என்பதைச் செவியால் அறிய இயலாது.

விதிவிலக்கு ஒன்றே, நாட்டுப் பண். ஆட்டத்திற்கு முன் அனைவரும் எழுந்து நிற்க வாசிக்கப்படும் இதை எந்த நடுவரும் நிறுத்த முடியாது. லண்டனில் பாடியும் அருந்தியும் மகிழ்ந்த கனவான்களின் சங்கம் ஒன்றிற்காக அமைக்கப்பட்டு, 1931இல் அமெரிக்காவின் அதிகாரப்பூர்வப் பண்ணாக உயர்ந்த இம்மெட்டு ஒன்றரை ஸ்தாயிக்கும் மேல் விரிவது. அதன் உச்சச் சுரமோ, முடிவுக்கு வெகு அருகில், முடிவுகளில் பழக்கமே இல்லாத ஒரு குழுவினருக்காகக் காத்திருக்கிறது. நெஞ்சில் கைவைத்து நிற்கும் பெற்றோர் பலர் அவ்விடத்தில் கண்களை மூடிக்கொள்வதை நாட்டுப்பற்றின் அடையாளமாக மட்டும் கொள்வது முழுமையான விளக்கமாகாது.

ஆட்டம் முடிந்தபின், கூட்டம் கலையும் வேளையில்தான் குழுவினருக்கு முதன்முறையாக வரம்பற்ற நேரம் வாய்க்கிறது. ஆசிரியர் விரலுயர்த்த, பருவம் முழுவதும் வாசிக்கப்பட்ட பாடல் வழக்கமான மிடுக்குடன் தொடங்குகிறது. எந்த ஒலிப்பானும் குறுக்கிடாததால் அது 45ஆம் விநாடியைக் கடந்து, விரல்ரேகையே படாத இரண்டாம் பக்கத்துக்குள் நுழைகிறது. அங்கே ட்ரம்பெட்டுகள் ஒரு வழியிலும் ட்ரோம்போன்கள் மற்றொரு வழியிலும் செல்ல, பொறுப்புணர்வு மிக்க சூசஃபோன் மட்டும் முதல் பக்கத்தையே மீண்டும் வாசிக்கிறது. இறுதியில் ஆசிரியர் கையை முஷ்டியாக மடக்க, குழு அப்பழுக்கற்ற ஒற்றுமையுடன் நிறுத்துகிறது.